போர்முனையிலிருந்து திரும்பியவர் தேறி வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போருக்குப் போய் வந்தவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது பல வருடங்களாக என் வேலை. போர் தந்த மனக்காயத்திலிருந்து அவர்கள் தேற, மருத்துவம், மூச்சுப் பயிற்சி, யோகா, வீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான வழியைத்தான் நான் சொல்வேன். வீரர்கள் கேட்பது ஒரு விதம், மனைவிமார் கேட்பது ஒரு விதம், பெற்றோர் கேட்பது வேறு விதம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்ட குரலிலேயே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். இதைப் படிப்பது மருத்துவரைப் பார்ப்பதற்கு ஈடாகாது. ஆனால் மருத்துவரிடம் போகும் தைரியத்தை இது கொடுத்தால் எனக்கு அது போதும்.

அவர் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருகிறார். கதவு படாரென்று சாத்தினால் எகிறி எழுந்துவிடுகிறார். இது பழக்கமா, நோயா?

பழக்கமாகத்தான் தொடங்கியது. களத்தில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால் உயிர் போயிருக்கும். சாலையோரத்தில் புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டு வண்டியை நிறுத்தியதால்தான் அவர் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு இருக்க உதவிய பாடத்தை உடம்பு லேசில் மறப்பதில்லை. ஆள் வீடு வந்து சேர்ந்துவிட்டார். உடம்பு மட்டும் இன்னும் காவல் டூட்டியில் நிற்கிறது, மாற்றிவிட ஆள் வராமல்.

திரும்பிய முதல் சில வாரங்களில் இது பலருக்கும் இருக்கும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் மருத்துவர்கள் நான்கு பக்கமாகப் பார்ப்பார்கள். நடந்தது கனவாகவும் காட்சியாகவும் கேட்காமலே வந்து நிற்பது முதலாவது. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்குவது அடுத்தது. தன் மேலும் உலகத்தின் மேலும் நம்பிக்கை போய், அன்பு கூட மரத்துப்போவது மூன்றாவது. எப்போதும் உஷாராக, எரிச்சலாக, தூக்கமில்லாமல் இருப்பது நான்காவது. நான்கும் சேர்ந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும்போது அதற்கு பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பெயர். பெயர் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர் தெரிந்தால்தான் வைத்தியம் தெரியும்.

எங்கள் தாத்தாவும் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்கெல்லாம் இப்படி வரவில்லையே?

வந்திருக்கும். சொல்லியிருக்க மாட்டார். பாசறையில் உறக்கம் வராத ஒரு மன்னனைச் சங்கப் பாட்டு ஒன்று காட்டுகிறது. புண்பட்டுப் பெண்யானையை மறந்த யானையையும், சோற்றுக்கடன் தீர்த்து மாண்ட வீரர்களையும், அம்பு தைத்துத் தீனி தின்னாமல் செவி சாய்த்து நிற்கும் குதிரையையும் நினைத்தபடி, ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, ஒரு கையைத் தலையில் வைத்து அவன் விழித்துக் கிடக்கிறான். படைக்குத் தலைவனான மன்னனுக்கே தூக்கம் இல்லை. இதை நான் பல வீரர்களிடம் சொல்லியிருக்கிறேன்; கேட்டதும் முகம் சற்றே இளகும்.

மருத்துவம் இதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் படபடப்பை 1871-இல் ஜேக்கப் டா காஸ்டா இதயக் கோளாறாக எழுதினார். முதல் உலகப் போரில், 1915-இல், சார்லஸ் மையர்ஸ் அதை ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டு அதிர்ச்சி என்றார். அதே போரில் பிரிட்டிஷ் படை தன் வீரர்களில் நூற்றுக்கணக்கானவர்களை ஓடுகாலி, கோழை என்று சொல்லிச் சுட்டுக் கொன்றது. அப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வந்தது. எடின்பரோ அருகே இருந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் ரிவர்ஸ் என்ற மருத்துவர், ‘மறந்துவிடு’ என்று சொல்வதே நோயை வளர்க்கிறது என்று கண்டு, அங்கே சிகிச்சைக்கு வந்த படை அதிகாரிகளை உட்கார வைத்துப் பேச விட்டார். வியட்நாம் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1980-இல்தான் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. உங்கள் தாத்தா காலத்தில் அதற்குப் பெயரே கிடையாது. ‘பட்டாளத்துக்காரர், கோபக்காரர்’ என்று ஊர் சொல்லியிருக்கும், அவ்வளவுதான்.

ஹோலிஸ்டிக், அதாவது முழுமையான வழி என்கிறீர்கள். அப்படியென்றால் மாத்திரையும் சிகிச்சையும் வேண்டாமா?

வேண்டும். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘இயற்கை வழி’ என்று சொல்லி மருத்துவத்தை நிறுத்த வைப்பவர்களால் கெட்டுப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முழுமை என்றால் ஆளை முழுதாகப் பார்ப்பது: அவருடைய தூக்கம், மூச்சு, கை வேலை, கூட்டாளிகள், குற்ற உணர்ச்சி, வீடு எல்லாம் சேர்த்து. அந்த முழுமைக்குள் மருத்துவமும் உண்டு.

மிக உறுதியான ஆதாரம் இருப்பது மூன்று பேச்சுச் சிகிச்சைகளுக்கு. ஒன்றில், ஒதுக்கி வைத்த நினைவைச் சிகிச்சையாளர் துணையோடு மறுபடி மறுபடி சொல்லி, அதன் பிடியைத் தளர்த்துவார்கள். வாரம் ஒன்று வீதம் 8 முதல் 15 அமர்வுகள் ஆகும். இன்னொன்றில், ‘என்னால்தான் அவன் செத்தான்’ போன்ற எண்ணத்தை எழுதி வைத்து, அது எவ்வளவு உண்மை என்று சோதிப்பார்கள். வழக்கமாக 12 அமர்வுகள். மூன்றாவது இ.எம்.டி.ஆர். நினைவை மனதில் நிறுத்தியபடி, இடவலமாக அசையும் விரலைக் கண்ணால் பின்தொடரச் சொல்வது. 1987-இல் ஃபிரான்சின் ஷபீரோ கண்டது. மாத்திரைகளில் செர்ட்ரலின், பேராக்செட்டின் போன்றவை பலருக்கு உதவுகின்றன. ‘நரம்பைத் தளர்த்தும்’ டயஸிபாம் வகை மாத்திரைகளை மட்டும் இதற்கு நீண்ட நாள் எடுக்க வேண்டாம் என்றுதான் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பிறகு மூச்சும் யோகாவும் எதற்கு? இந்தச் சிகிச்சைகளைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். நெஞ்சு அடைத்துக்கொண்டு வியர்க்கும் ஒருவரை உட்கார வைத்து ‘அந்த நாளைச் சொல்லுங்கள்’ என்றால் அவர் எழுந்து போகத்தான் செய்வார். உடம்பு சற்றே அடங்கினால் அவர் உட்காருவார். உட்கார்ந்தால் பேசுவார். நான் பார்த்த அளவில், தேறியவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள்.

மூச்சுப் பயிற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா? ‘கண்ணை மூடு, அமைதியாக இரு’ என்றார்கள். எனக்கு இன்னும் மோசமானது.

கண்ணை மூடச் சொன்னதுதான் தப்பு. இருட்டில் காவல் காத்தவருக்குக் கண்ணை மூடுவது ஆபத்து; மூடியதும் பழைய காட்சி ஓடத் தொடங்கும். கூட்டத்தின் நடுவில், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட, பாயில் படுக்க வைத்தால் யாருக்கு அமைதி வரும்?

என்னிடம் வந்த ஒருவரோடு இப்படித்தான் ஆரம்பித்தோம். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். கதவு அவர் கண்ணெதிரே. கதவைத் திறந்து வைக்கலாமா, சாத்தலாமா என்று அவரையே கேட்டேன். பாதி திறந்து வைக்கச் சொன்னார். கண் திறந்தே இருந்தது, தரையில் ஒரு ஓட்டின் விளிம்பைப் பார்த்தபடி. இரண்டு பாதங்களும் தரையில். மூக்கால் நான்கு எண்ணும் வரை உள்ளே, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை வெளியே. மூன்றாவது சுற்றிலேயே எழுந்து போய் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து மறுபடி உட்கார்ந்தார். அன்றைக்கு மொத்தம் நான்கு நிமிடம். ஆறாவது வாரத்தில் தோள் தானாக ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. அவருக்கே தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மூச்சை வெளியே விடும்போது, மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வந்தால், ‘ஆபத்து நீங்கியது’ என்ற செய்தி கீழிருந்து மேலே, உடம்பிலிருந்து மூளைக்குப் போகிறது. மனதால் உடம்பை அடக்க முடியாத நேரத்தில் இந்த வழி திறந்திருக்கும்.

ஆராய்ச்சி உண்டா என்றால், உண்டு, அளவோடு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய 21 அமெரிக்க வீரர்களிடம் சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2014-இல் வந்தது. நல்ல பலன் தெரிந்தது, ஆனால் ஆய்வு சிறியது. 2015-இல் 116 முன்னாள் வீரர்களிடம் நடந்த ஆய்வில், மனக்கவனத் தியானம் செய்தவர்கள் சாதாரணக் குழுப் பேச்சில் இருந்தவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேறினார்கள். கொஞ்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘பத்து நாளில் பூரண குணம்’ என்று யாராவது சொன்னால் அங்கே காசு கொடுக்காதீர்கள்.

யோகாவுக்கும் இதே எச்சரிக்கைதான். சொல்லிக்கொடுப்பவர் கேட்காமல் தொட்டு நிலையைத் திருத்தக் கூடாது. சவாசனத்தை ஒருக்களித்துப் படுத்தோ, உட்கார்ந்தோ செய்யலாம். ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை எப்போதும் வீரரிடம் இருக்க வேண்டும். கட்டளைக்குக் கட்டுப்பட்டே பழகிய உடம்புக்கு, தானே முடிவெடுப்பது பாதி மருந்து.

இரவில் கத்திக்கொண்டு எழுகிறார். ஒருமுறை என் கழுத்தைப் பிடித்துவிட்டார். பிறகு விடிய விடிய அழுதார். நான் என்ன செய்வது?

முதலில் உங்கள் பாதுகாப்பு. கனவில் இருப்பவரை உலுக்கி எழுப்பாதீர்கள், மேலே குனியாதீர்கள். கட்டிலின் கால்மாட்டுக்கும் அப்பால், கைக்கு எட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “நான்தான். வீட்டில இருக்கீங்க. ராத்திரி ரெண்டு மணி.” இதையே நிதானமாகத் திரும்பச் சொல்லுங்கள். கொஞ்ச காலம் தனித்தனியாகப் படுப்பதில் தவறில்லை. அது பிரிவு ஆகாது என்பதைப் பகலிலேயே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கட்டிலருகே ஆயுதம், கத்தி எதுவும் வேண்டாம்.

தூக்கத்தை நான் எப்போதும் முதல் வரிசையில் வைப்பேன். தூங்காத மனிதனுக்கு எந்தச் சிகிச்சையும் ஏறாது. கெட்ட கனவுக்கென்றே ஒரு பயிற்சி உண்டு: பகலில், திரும்பத் திரும்ப வரும் கனவை எழுதி, அதன் போக்கை உங்கள் விருப்பப்படி மாற்றி எழுதி, மாற்றிய கனவைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. ஒருவர் கனவில் எரியும் வண்டியின் கதவு திறக்கவே திறக்காது. அவர் மாற்றி எழுதியதில் கதவு திறந்தது, அவ்வளவுதான். வேறு எதையும் மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. இது சின்ன வேலையாகத் தோன்றும், ஆனால் தெரிந்தவர் துணையோடு செய்தால் கனவின் வேகம் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாத சிகிச்சை உண்டு. தினம் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, விழித்துக் கிடக்காமல் எழுந்துவிடுவது என்று படிப்படியாகக் கட்டுவார்கள். பிராசோசின் மாத்திரை சிலருக்குக் கனவைக் குறைக்கிறது. ஆனால் 304 முன்னாள் வீரர்களிடம் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. பலத்த குறட்டை இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பேருக்கு மனக்காயமும் இதுவும் சேர்ந்தே இருக்கும்.

குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார்.

தூக்கம் சீக்கிரம் வரும், உண்மை. பின்னிரவில் போதை இறங்கும்போது தூக்கம் உடையும், கனவு பலமாகத் திரும்பும். மறுநாள் அளவு கூடும். குடியை விட்டபிறகு வா என்று சொல்லும் இடங்களை நான் ஏற்பதில்லை. குடிக்கும் மனக்காயத்துக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தரலாம். ரொம்ப நாள் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அங்கே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. எப்படிப் பேச வைப்பது?

பேச வைக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்வதைவிட, சேர்ந்து நடக்கும்போதும் வண்டியில் போகும்போதும் வார்த்தை எளிதாக வரும்.

வாயால் வராதது கையால் வருவதும் உண்டு. அமெரிக்காவில் பெத்தெஸ்டாவில் உள்ள வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனை வளாகத்தில் வீரர்களுக்கு வெற்று முகமூடி கொடுத்து வண்ணம் பூசச் சொல்கிறார்கள். பாதி முகம் கொடி, பாதி முகம் எலும்பு என்றும், வாய் தைக்கப்பட்டது போலவும், பூட்டுப் போட்டது போலவும் செய்திருக்கிறார்கள். அதை மேசையில் வைத்தபின் மனைவி கேட்க வேண்டிய கேள்வி பாதியாகிவிடுகிறது. மரவேலை, மேளம், எழுத்து எதுவானாலும் சரி. திறமை முக்கியமில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், அங்கே இருந்த இன்னொருவரிடம் அவர் பேசுவார். 1970-இல் நியூயார்க்கில், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் தாங்களாகவே கூடி உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். லிஃப்டன், ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களை அழைத்துக்கொண்டார்கள், பாடம் எடுக்க அல்ல, கூட இருக்க. மருத்துவமனை வாசல் மிதிக்காதவர்களெல்லாம் அங்கே வந்தார்கள். 1980-இல் நோய்க்குப் பெயர் வந்ததற்கு அந்தக் கூட்டங்களும் ஒரு காரணம். ‘அவன்கிட்ட சொல்ற, என்கிட்ட சொல்ல மாட்டேங்கிற’ என்று மனம் நோகாதீர்கள். உங்கள் கண்ணில் தான் எப்படித் தெரிவோம் என்ற பயம்தான் அவரைத் தடுக்கிறது.

எனக்குப் பயமில்லை, கனவும் இல்லை. ஆனால் நான் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. மூச்சுப் பயிற்சி இதற்கு என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன்.

இது வேறு காயம். பாஸ்டனில் வியட்நாம் வீரர்களோடு பல காலம் வேலை செய்த ஜோனதன் ஷே 1990-களில் இதை அறக்காயம் என்ற பொருளில் பேசினார். சரி என்று நம்பியதற்கு எதிராகத் தானே செய்தது, தடுக்காமல் நின்றது, அல்லது மேலிருந்தவர்கள் செய்த துரோகம். பயத்தால் வந்த காயத்துக்கு ‘ஆபத்து நீங்கிவிட்டது’ என்ற செய்தி மருந்து. அறக்காயத்துக்கு அது பொருந்தாது. சோதனைச் சாவடியில் நிற்காமல் வந்த வண்டியைச் சுட்டுவிட்டு, உள்ளே குழந்தை இருந்ததைப் பார்த்தவரிடம், ‘உன் தப்பு இல்லை’ என்று அவசரமாகச் சொல்வது அவரைத் தனியாக்கும். தான் சொல்வதை யாரும் கேட்கத் தயாரில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

முழுதாகக் கேட்கும் ஒருவர் வேண்டும். முகம் சுளிக்காத, அவசரமாக ஆறுதல் சொல்லாத ஒருவர். அந்த நொடியில் அவருக்கு என்ன தெரிந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, யார் கட்டளை என்று பங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவருடையது அல்லாத பங்கை இறக்கி வைக்கலாம். அவருடைய பங்கு மிச்சம் இருந்தால் அதற்குப் பரிகாரம் தேட வேண்டும். இறந்தவருக்கு அனுப்பாத கடிதம் எழுதுவார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் மதப் பெரியவரிடம் போவார்கள். ஒருவர் குழந்தைகளுக்கு வீதி கடக்கச் சொல்லித்தரும் தொண்டில் சேர்ந்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி இருப்பது உங்கள் மனசாட்சி சாகவில்லை என்பதற்கு அடையாளம். அதை வைத்துக்கொண்டே வாழ முடியும். நான் வாழ்பவர்களைப் பார்க்கிறேன்.

நாய் வளர்க்கலாமா? குதிரை, தோட்டம், கடலில் அலைச்சறுக்கு என்றெல்லாம் கேள்விப்படுகிறோமே?

நல்லவை. பழக்கிய துணைநாய் கனவில் புலம்புபவரை மூக்கால் தட்டி எழுப்பும், கூட்டத்தில் அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நிற்கும். சாதாரண வளர்ப்பு நாய் கூட காலையில் அவரை வெளியே இழுத்துப் போகும். தோட்டத்தில் இன்று விதைத்தால் நாளைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். நாளை என்று ஒன்றை வைக்கிறது அது. உடற்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கவனம்: நாய் இருந்தால்தான் வெளியே போவேன் என்று முடிந்தால், அதுவும் ஒதுங்கலின் இன்னொரு முகம்தான்.

கஞ்சா, எம்.டி.எம்.ஏ. போன்ற போதைப்பொருள்களால் குணமாகிறதாமே?

எம்.டி.எம்.ஏ.வைப் பேச்சுச் சிகிச்சையோடு சேர்த்துத் தரும் முறையை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்து, இன்னும் ஆய்வு வேண்டும் என்றது. கஞ்சாவை இந்த நோய்க்கு முக்கிய மருத்துவ வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. சொந்தமாகச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

குண்டுவெடிப்பில் தூக்கி எறியப்பட்டார். வெளிக்காயம் இல்லை. மறதியும் தலைவலியும் இருக்கின்றன.

மூளை அதிர்ச்சி இருக்கலாம். அதன் எரிச்சல், மறதி, தூக்கக் கேடு எல்லாம் மனக்காயம் போலவே தெரியும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். வெடிப்பு எவ்வளவு அருகில், நினைவு தப்பியதா, எத்தனை முறை என்று எழுதிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்கிறார். சும்மா சொல்கிறாரா?

சும்மா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “சாக நினைக்கிறீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; மாறாக, அடக்கி வைத்ததை இறக்கி வைக்க இடம் கிடைக்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். துப்பாக்கி இருந்தால் வீட்டைவிட்டே அகற்றி, நம்பகமான ஒருவரிடம் ஒப்படையுங்கள். மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை உடனே அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கு ஆயுதம் எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும்.

வீரரே இதைப் படிக்கிறீர்கள் என்றால்: காயம்பட்ட கூட்டாளியை நீங்கள் விட்டுவிட்டு வந்ததில்லை. இன்றைக்குக் காயம்பட்டவர் நீங்கள். தூக்க வருகிறவர்களைத் தூக்க விடுங்கள்.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

எதுவும் சொல்லாவிட்டால் தன்னால்தான் அப்பா கோபப்படுகிறார் என்று குழந்தை தானாக முடிவு செய்யும். போரில் நடந்ததைச் சொல்ல வேண்டாம். வயதுக்கேற்ற அளவில் காரணத்தைச் சொல்லலாம். ஒரு தாய் தன் ஆறு வயது மகளிடம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: “அப்பா ரொம்ப சத்தமான, பயமான இடத்துல இருந்தாங்க. அதனால திடீர்னு சத்தம் கேட்டா அவங்க உடம்பு பயந்துடும். நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. அப்பா டாக்டர்கிட்ட கத்துக்கிட்டு இருக்காங்க.” மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்பா இருக்கும் அறைக்கு வெளியே நின்று, “அப்பா, நான் வரேன்” என்று குரல் கொடுத்தபின் உள்ளே போகத் தொடங்கினாள். அப்படிச் செய்யும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.